ஜோடியாகப் படித்தால் மாறிப் போகும்: ஆங்கில எதிர்ச்சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதுரை நத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு எதிரே ஒரு பெண் நோட்டு ஒன்றைத் திறந்து வைத்து, உதட்டை மட்டும் அசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஏதோ போட்டித் தேர்வுக்கு. பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு. இடது பக்கம் ஒரு ஆங்கிலச் சொல், வலது பக்கம் அதன் எதிர்ச்சொல். அசென்ட், டிசென்ட். ஆப்டிமிஸ்ட், பெஸிமிஸ்ட். எமிக்ரன்ட், இமிக்ரன்ட். பக்கம் பக்கமாக, முத்து முத்தான கையெழுத்தில். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் இதே மாதிரி ஒரு நோட்டு என்னிடமும் இருந்தது, அதனால் பட்ட அடி இன்னும் ஆறவில்லை.

மாலை நேரத்தில் வில்லாபுரத்தில் ஒரு மாடியறையில் பத்துப் பதினைந்து பேருக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். எதிர்ச்சொல் வழியாகச் சொல் சேர்ப்பது நல்ல வழிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரிந்த சொல்லின் முன்னால் ஒரு அன், ஒரு இன், ஒரு டிஸ் சேர்த்தால் இன்னொரு சொல் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் வருஷா வருஷம் புதிதாக வருகிறவர்கள் ஒரே இடங்களில்தான் விழுகிறார்கள், நான் விழுந்த அதே இடங்களில். அங்கிள் என்பதில் இருக்கிற அன் எதிர்மறை இல்லை என்பது மாதிரிச் சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன், அவை தானாகச் சரியாகிவிடும். சரியாகாமல் ஒட்டிக்கொள்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டையும் ஒரே நாளில் படிப்பது

1999-ல் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தெற்கு மாரட் வீதியில் ஒரு லாரி பார்சல் ஆபீஸில் எல்.ஆர்., அதாவது சரக்குக்கான லாரி ரசீது, எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். மாதம் 1,200 ரூபாய். முதல் நாளே மேனேஜர் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தார்: "கன்சைனர்னா அனுப்புறவரு, கன்சைனின்னா வாங்குறவரு, அம்புட்டுத்தான்." அன்று இரவே நோட்டில் கோடு போட்டு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் போனது, மேனேஜர் பக்கத்திலேயே இருந்தார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அவர் இல்லை. சுங்குடிச் சேலை நான்கு பேல், பெங்களூரில் ஒரு கடைக்குப் போக வேண்டும். டூ பே, அதாவது வாடகையைச் சரக்கு எடுக்கிறவர் கட்டுவார். கார்பன் வைத்த தாளில் பேனாவை அழுத்தினேன். இரண்டு சொல்லும் நினைவுக்கு வந்தன. ஒருவர் அனுப்புகிறவர், ஒருவர் வாங்குகிறவர் என்பதும் வந்தது. எது யார் என்பது மட்டும் வரவில்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுதினேன், மாற்றி எழுதினேன்.

பெங்களூர் கிடங்கில் பார்த்திருக்கிறார்கள், சரக்கு வாங்குகிறவர் இடத்தில் மதுரை விலாசம். தப்பான லாரியில் வந்துவிட்டது என்று நினைத்து மதுரை வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டார்கள். ஆறாவது நாள் காலையில் ஆபீஸ் வாசலில் அதே நான்கு பேல். அதே சாக்குத் தையல், பக்கவாட்டில் நீல மையில் நான் எழுதிய அதே நம்பர், ஒரு மூலை மட்டும் மழையில் நனைந்து மை ஊறியிருந்தது. லோடுமேன் அண்ணன் ஒருவர் "அங்கிட்டுப் போனதை இங்கிட்டு வர வச்சுட்டியேப்பா" என்றார். திட்டக்கூட இல்லை, வருத்தமாகச் சொன்னார். அந்தக் கடைக்குச் சங்கராந்தி வியாபாரம் போய்விட்டது, எனக்கு மூன்று மாதச் சம்பளத்தில் இரண்டு வழி வாடகையையும் பிடித்தார்கள்.

அப்போது எனக்கு ஞாபகசக்தி போதாது என்றுதான் நினைத்தேன். அது காரணம் இல்லை. இரண்டு புதுச் சொற்களை, அதுவும் எதிர் எதிர்ச் சொற்களை, ஒரே நேரத்தில் மண்டைக்குள் போட்டால் நடக்கிறது இதுதான். இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை, ஒரே பக்கத்தில் எழுதியவை, பல சமயம் ஓசையும் ஒன்று போல. வேறுபாடு ஒரே ஒரு இடத்தில்தான். மனது ஜோடியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறது, எது எது என்பதைத்தான் நழுவ விடுகிறது. சொல்வளம் கற்பித்தல் பற்றி நிறைய ஆராய்ந்த நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் இதைப் பல காலமாகச் சொல்லி வருகிறார்: எதிர்ச்சொற்கள் இரண்டையும் சேர்த்து அறிமுகம் செய்யாதீர்கள், ஒன்றோடொன்று குழம்பும் என்று. ஆனாலும் கடைகளில் விற்கிற கைடுகள் எல்லாம் ஜோடிப் பட்டியலாகவேதான் வருகின்றன. வாத்தியார்களும் அதையே போர்டில் எழுதிப் போடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, ஏனென்றால் உழைக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகமாக மாட்டுகிறார்கள். நோட்டே போடாதவனுக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை.

தேர்வில் இது எப்படி அடிக்கும் என்று பாருங்கள். எதிர்ச்சொல் கேட்கிற கேள்வியில், கொடுத்திருக்கிற நான்கு விடைகளில் ஒன்று பெரும்பாலும் அதே பொருள் உள்ள சொல்லாக இருக்கும். பெனவலன்ட் நல்லதா, மலெவலன்ட் நல்லதா என்று தடுமாறுகிறவர் நேராகப் போய் அதில் விழுவார். தெரியாத கேள்வியை விட்டுவிட்டு வரலாம். தெரியும் என்று நம்பி மாற்றிப் போட்டால், தப்புக்கு மார்க் பிடிக்கிற தேர்வில் இரண்டு பக்கமும் நஷ்டம்.

அப்போ எப்படிப் படிப்பது? ஒன்றை மட்டும் எடுங்கள், அதிகமாகப் புழங்குகிற சொல் எதுவோ அதை. எம்ப்ளாயீ என்றால் வேலை பார்க்கிறவர். அதை ஒரு வாரம் பத்து நாள் வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள், பேசுங்கள், தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு ஊறட்டும். அதற்கப்புறம் எம்ப்ளாயரைக் கொண்டு வாருங்கள். ஏற்கெனவே நட்டு வேர் பிடித்த செடியில் புதுக் கொடியைப் படர விடுகிற மாதிரி அது பற்றிக்கொள்ளும். ஹேப்பி, அன்ஹேப்பி யாருக்கும் குழம்பாததற்குக் காரணமும் இதுதான், ஹேப்பி சின்ன வயதிலேயே ஊறிவிட்டது. கன்சைனி, எம்ப்ளாயீ, டிரெய்னீ, செக்கில் வருகிற பேயீ என்று அந்த ஈ வருகிற சொற்கள் பெரும்பாலும் பெறுகிற பக்கத்து ஆளைக் குறிக்கும் என்பது எனக்கு அந்த வேலையை விட்ட பிறகுதான் தெரிந்தது.

நூலகத்தில் அந்தப் பெண்ணிடம் பேசினேன். "எல்லாமே தெரியுது சார், ஆனா எது எதுன்னுதான் மாறி மாறி வருது" என்றாள். நோட்டின் வலது பாதியை நீளவாக்கில் மடித்து ஸ்டேப்ளர் அடித்துக்கொள்ளச் சொன்னேன். முதலில் தயங்கினாள், அப்புறம் கவுன்டரில் ஸ்டேப்ளர் வாங்கிவந்து அவளே அடித்தாள்.

எல்லா 'இன்'னும் எதிர்மறை அல்ல

கப்பலூர் டோல்கேட்டில் நிற்கிற டேங்கர் லாரிகளின் பின்னால் பெரிய எழுத்தில் ஹைலி இன்ஃப்ளேமபிள் என்று இருக்கும். என்னிடம் படிக்கிற ஒரு தம்பி அதைத் "தீப்பிடிக்காதது" என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். ஃப்ளேம் என்றால் தீ, முன்னால் இன், ஆகவே தீப்பிடிக்காது. கணக்குச் சரி, விடை தப்பு. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு இன்கள் வந்தன. ஒன்று "இல்லை" என்கிறது. மற்றது "உள்ளே" என்கிறது. இன்ஃப்ளேம் என்றால் தீ மூட்டுவது, இன்ஃப்ளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஃப்ளேமபிள் என்றாலும் அதே பொருள்தான். இந்தக் குழப்பத்தால் உயிர்ச்சேதம் வரக்கூடாது என்றுதான் அமெரிக்காவில் 1920களிலேயே தீத்தடுப்பு அமைப்பினர் இன்னை விட்டுவிட்டு வெறும் ஃப்ளேமபிள் என்று எழுதும்படி வலியுறுத்தினார்கள். நம் லாரிகளில் இன்னும் பழைய சொல்தான். இம்போர்ட், இமிக்ரன்ட் இரண்டிலும் இருப்பது "உள்ளே" என்கிற அந்த இன்தான்.

இன்னொரு வகை இதைவிட மோசம். அங்கே இன் எதிர்மறைதான், ஆனால் சொல் புகழ்ச்சி. இன்வேல்யுபிள். மதிப்பில்லாதது என்று எடுத்துக்கொண்டு யாரும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறார்கள், அதற்குப் பதில் வேல்யுலெஸ் என்று போட்டுவிடுகிறார்கள். ஒரு பள்ளியில் ஓய்வு பெறுகிற ஆசிரியருக்கு வாசித்த பாராட்டு மடலில் அவருடைய சேவை வேல்யுலெஸ் என்று எழுதியிருந்ததை நானே காதால் கேட்டேன். அவர் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் தமிழிலேயே இதற்கு விடை இருக்கிறது. விலைமதிப்பற்ற என்றால் விலை சொல்ல முடியாத அளவு உயர்ந்தது, மதிப்பற்ற என்றால் ஒன்றுக்கும் ஆகாதது. இரண்டிலும் "அற்ற" உண்டு, நாம் குழப்பிக்கொள்வதில்லையே. இன்வேல்யுபிளும் பிரைஸ்லெஸ்ஸும் முதல் பக்கம், வேல்யுலெஸ்ஸும் வொர்த்லெஸ்ஸும் இரண்டாவது பக்கம். இதே மாதிரி இன்ஃபேமஸ் என்றால் பிரபலம் இல்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் எல்லோருக்கும் தெரிந்தவர். இன்டிஃபரன்ட் என்றால் வேறுபாடு இல்லாதது என்று எழுதாதீர்கள், அக்கறை இல்லாதவர் என்று எழுதுங்கள்.

இல்லை வேறு, எதிர் வேறு

பணக்காரன் இல்லை என்றால் ஏழை என்றா அர்த்தம்? நாட் ஹேப்பி என்பதற்கும் அன்ஹேப்பி என்பதற்கும் அவ்வளவு தூரம் உண்டு. முதலாவது சந்தோஷம் இல்லை என்பதோடு நிற்கும், இரண்டாவது மனக்கஷ்டம் வரை போகும். உயிரோடு இருப்பது, செத்துப்போவது மாதிரி நடுவே இடமே இல்லாத ஜோடிகளும் உண்டு, ஆனால் அவை குறைவு.

வினைச்சொல்லின் முன்னால் அன் வந்தால் கதையே வேறு. அங்கே அது இல்லை என்று சொல்வதில்லை, செய்ததைத் திருப்பிச் செய்கிறது. போனில் ஒரு ஆப்பை அன்இன்ஸ்டால் செய்கிறோம் என்றால் முதலில் அது போனில் இருந்திருக்க வேண்டும். கட்டிய முடிச்சைத்தான் அன்டை செய்ய முடியும்.

இன், இம், இல், இர்: நான்கு பட்டியல் போடுவது

நான்கும் ஒன்றுதான். அடுத்த எழுத்துக்கு ஏற்ப நாக்கு வளைகிறது, அவ்வளவே. தென்பாண்டி என்று எழுதுகிறோம், வேகமாகச் சொன்னால் தெம்பாண்டி என்றுதான் வாயில் வருகிறது, ஏனென்றால் ப சொல்ல உதடு மூட வேண்டும், அதற்கு முன்பே மூடிக்கொள்கிறது. பாஸிபிள் முன்னால் இன் வந்து இம்பாஸிபிள் ஆனதும் இப்படித்தான். ம-வுக்கு முன்னாலும் இம், ல-வுக்கு முன்னால் இல், ர-வுக்கு முன்னால் இர். லீகல், இல்லீகல். ரெகுலர், இர்ரெகுலர். மரம் மரங்கள் ஆகிற ஊர்க்காரருக்கு இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த விஷயம். நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம் என்று வடமொழி வழியாக நமக்கு வந்த அந்த அ-வும், ஆங்கிலத்தின் அன்னும், லத்தீனின் 'இன்'னும், அனஸ்தீசியாவில் இருக்கிற கிரேக்க அன்னும் ஒரே மூலத்தில் பிறந்தவை. தமிழின் சொந்த எதிர்மறையோ கடைசியில் வரும்: தெரியாத, தீராத, இல்லாத. அதனால்தான் நம் காது சொல்லின் முடிவையே கவனிக்கிறது, ஆங்கிலத்தில் முன்னால் லேசாக ஒலிக்கிற அன் நழுவிவிடுகிறது. வகுப்பில் வாய்விட்டுச் சொல்லும்போது அந்த முதல் அசையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லச் சொல்கிறேன்.

அன் போடுகிற இடத்தில் எப்போதும் அன் என்று நம்புவது

அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஸ்டேபிள், இன்ஸ்டெபிலிட்டி. அன்ஜஸ்ட், இன்ஜஸ்டிஸ். விதி தேடி அலைய வேண்டாம். பெயர்ச்சொல்லை எழுதும்போது அதைத் தனிச் சொல்லாகவே அகராதியில் பாருங்கள்.

டிஸ்இன்ட்ரஸ்டட்

ஆர்வம் இல்லாதவர் அன்இன்ட்ரஸ்டட். டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் பாரபட்சம் இல்லாதவர். நீதிபதி அப்படித்தான் இருக்க வேண்டும்.

ப்ரீபோன்

தப்பில்லை. போஸ்ட்போனுக்கு எதிராக நம் நாட்டில் அதிகம் புழங்குகிற சொல், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும் அவருக்குப் புரியாமல் போகலாம் என்று நினைவில் வையுங்கள்.

எஸ் ஒன்றா இரண்டா

டிஸ், மிஸ், அன் மூன்றும் தன் எழுத்தை விடாது, பின்னால் வருகிற சொல்லும் தன் எழுத்தை விடாது. அப்பியர் ஏ-வில் தொடங்குகிறது, ஆகவே டிஸ்அப்பியரில் ஒரு எஸ். சாட்டிஸ்ஃபைடு எஸ்-ஸில் தொடங்குகிறது, டிஸ்சாட்டிஸ்ஃபைடில் அந்த இடத்தில் அடுத்தடுத்து இரண்டு எஸ். மிஸ்ஸ்பெல்லிலும் இரண்டு. நெசசரி என்-னில் தொடங்குவதால் அன்நெசசரியில் இரண்டு என்.