ஷட்டரில் ஒட்டிய தாள்: நோய்க்காலத்தில் உதவி எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடிப்பது எப்படி

கடலூர் திருப்பாப்புலியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு கடைக்குப் பின்னாலேயே. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட மூன்றாம் நாள் காலை யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். போய்ப் பார்த்தால் பின்தெரு அண்ணன். "ஆயாவுக்கு சுகர் மாத்திரை நாளையோட முடியுதும்மா. மாசாமாசம் பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிலதான் வாங்குவோம். பஸ் இல்ல, பார்டர் வேற மூடிட்டாங்க. யாரைக் கேக்கறது?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. தடுப்பூசி போட வரும் நர்ஸம்மாவின் எண் மட்டும் கைபேசியில் இருந்தது. கூப்பிட்டேன். "ஜிப்மர் சீட்டை எடுத்துக்கிட்டு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லுங்க, அந்த மாத்திரை இங்கயே இருக்கு" என்றார். இரண்டு மாதத்துக்குச் சேர்த்தே கொடுத்து அனுப்பினார்கள். ஆயா வீட்டிலிருந்து அது நடக்கிற தூரம். இத்தனை வருஷம் அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

அன்று மாலை ஓர் ஏ4 தாளில் நர்ஸம்மா சொன்னதையும், விசாரித்துத் தெரிந்துகொண்ட இன்னும் நான்கைந்து விஷயங்களையும் எழுதி ஷட்டரில் ஒட்டினேன். இரண்டு வருஷம் அந்தத் தாளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு தாளை உங்கள் தெருவுக்கு எப்படித் தயாரிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். நோய் ஏதும் பரவாத நாளிலேயே செய்து வையுங்கள். வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடக்கும்போது தேட உட்கார்ந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது.

தாளில் நான்கு கட்டம் போதும். என்ன உதவி, எந்த எண் அல்லது இடம், பேசியது யார், எந்தத் தேதி எத்தனை மணிக்குப் பேசினோம். பலரும் கடைசிக் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அதைப் போடவில்லை. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த ஓர் எண்ணை நான் பேசிப் பார்க்காமலே எழுதிவிட்டேன். ஓ.டி. (முதுநகர்) பக்கத்துப் பையன் ஒருவன் தன் அப்பாவுக்காக அந்த எண்ணை ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தான். அது அணைத்து வைத்திருந்த போன். அப்புறம் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அவர் பிழைத்து வந்தார். அந்த ஒரு மணி நேரம் என் தவறு. அதற்குப் பிறகு நானே பேசாத எண் எதுவும் தாளில் ஏறவில்லை.

ஓர் எண் செத்துவிட்டது என்று தெரிந்தால் அதைத் தாளிலிருந்து எடுக்காதீர்கள். குறுக்கே பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் "காலை 9 மணி, எடுக்கவில்லை" என்று எழுதுங்கள். அதே எண் இன்னொரு குழுவிலிருந்து வேறு யாருக்காவது வந்துகொண்டுதான் இருக்கும். அடித்திருப்பதைப் பார்த்தவர் அதில் நேரத்தைத் தொலைக்க மாட்டார். முன்பணம் ஜிபேயில் போடு, சிலிண்டர் அனுப்புகிறேன், மருந்து அனுப்புகிறேன் என்று சொல்லும் எண்களை நானே முதலில் கோடு போட்டு வைத்துவிடுவேன்.

சரி, தாளில் என்ன எழுதுவது?

எண்களுக்கு முன்னால் ஆட்கள். உங்கள் பகுதி சுகாதார செவிலியர், அங்கன்வாடி டீச்சர், ரேஷன் கடைக்காரர், மகளிர் குழுத் தலைவி, கிராமமாக இருந்தால் வி.ஏ.ஓ. இந்த ஐந்து பேரின் பெயரும் எண்ணும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆறாவதாக ஒருவரைச் சேர்க்கச் சொல்வேன்: காலையில் குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர். 2020 மே முதல் வாரத்தில், கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்குப் பரிசோதனை செய்தபோது நம் மாவட்டத்தில் தொற்று எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. எங்கள் பக்கத்தில் ஒரு தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் வீட்டில் பால் இல்லை, எந்தப் பெரியவர் இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்பதெல்லாம் அந்த அக்காவுக்குத்தான் தெரிந்திருந்தது. அவரிடம் கேட்டுக்கேட்டுத்தான் காய்கறி வண்டியை எந்த முனையில் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். அவருக்கு முகக்கவசமும் கையுறையும் இருக்கிறதா என்று கேட்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்கள். ஆம்புலன்ஸுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. புயலானாலும் தொற்றானாலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கைபேசியிலிருந்து இதைக் கூப்பிடும்போது முன்னால் 04142 சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நம் மாவட்டத்துக்குப் போய்ச் சேராது. புதுச்சேரிக்காரர்களின் குறியீடு 0413.

108இல் பேசும்போது முதலில் ஊர், மாவட்டம், அப்புறம் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். "பாடலீஸ்வரர் கோயில் தேரடியிலேர்ந்து ரெண்டாவது சந்து" என்று சொன்னால் வண்டி வந்துவிடும். கதவு எண் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் புரியாது. அதற்குப் பிறகு வயது, எத்தனை நாளாகக் காய்ச்சல், மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, சர்க்கரை, பிரஷர் உண்டா. இந்த வரிசையை அப்படியே தாளின் அடியில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் பெற்ற அம்மாவின் வயதே மறந்துபோகும், பார்த்திருக்கிறேன்.

ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரைத் தெருவுக்கு ஒன்றாவது வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பயன்படுத்தியபின் துடைத்துத்தான் அடுத்தவருக்கு. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்க வேண்டும். மருதாணியும் நகப்பூச்சும் இருந்தால் எண் தப்பாகக் காட்டும், கை சில்லென்று இருந்தாலும் அப்படித்தான். கொரோனா காலத்தில் 94க்குக் கீழே போனால் காத்திருக்காதே என்றார்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து, ஆறு நிமிடம் வீட்டுக்குள் நடந்தபின் இறங்கினாலும் கவனிக்க வேண்டும். முதல் நான்கு நாள் லேசாக இருந்துவிட்டு ஐந்தாம் நாளுக்குமேல் மோசமானவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தோம். அதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சுவர் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு தனி விஷயம் இருக்கிறது. நமக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் மனசு கோரிமேட்டு ஜிப்மருக்குத்தான் போகும். ஆல்பேட்டை தாண்டி, பாலம் தாண்டி, முள்ளோடை வந்துவிட்டால் அது புதுச்சேரி, வேறு அரசாங்கம், வேறு கட்டுப்பாட்டு அறை, வேறு விதி. ஊரடங்கில் சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள், ஜிப்மரில் வெளிநோயாளிப் பிரிவு நின்று தொலைபேசியில் ஆலோசனை சொன்னார்கள். அங்கே கதிர்காமத்தில் இருக்கும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி கொரோனா மருத்துவமனையாக இயங்கியது. நம் பக்கம் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா என்றிருந்த, இப்போதைய கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆகவே தாளில் பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கிளம்புவதற்கு முன் போன் போட்டு, வெளி மாநிலத்தவரைச் சேர்க்கிறார்களா, எந்த வாசல், என்ன சீட்டு வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தவரை பாலத்துக்கு இந்தப் பக்கமே பாருங்கள் என்பது என் கருத்து. ஆயாவுக்கு நடந்ததைத்தான் சொன்னேனே.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பிக்மி எண்ணும் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்), பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்று முன்கூட்டியே செவிலியரிடம் பேசி முடிவு செய்ததும் தாளில் இருக்கட்டும். டயாலிசிஸ் செய்பவர் இருந்தால் அவர் போகும் இடம் மூடினால் அடுத்த இடம் எது என்று அங்கேயே கேட்டு எழுதுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றிச் சந்தேகம் வந்தால் 1800 425 3993.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரேஷன்தான் அஸ்திவாரம். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக 4000 ரூபாயும் வந்தது. தேதியும் நேரமும் போட்ட டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்போதுதான் பலருக்கு, தங்களுடையது அரிசி அட்டையா, சர்க்கரை அட்டையா, பொருளில்லா அட்டையா என்பதே தெரியவந்தது. இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள். திருமணமாகி வந்த மருமகள் பெயர் சேர்ந்திருக்கிறதா, கைபேசி எண் இப்போது பயன்படுத்துவதுதானா என்றும் பாருங்கள். குறை சொல்ல 1967. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பு அட்டை, மஞ்சள் அட்டை என்று பிரிவே வேறு. அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நம் கணக்கைச் சொல்லிக் குழப்பாதீர்கள்.

சமைத்த சாப்பாட்டுக்கு அம்மா உணவகம். இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3, சாம்பார் சாதம் 5. கோயில் அன்னதானமும் உண்டு. 2021 மே மாதம் அறநிலையத் துறை அதைப் பொட்டலமாகக் கட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. அதனால் கோயில் நடை சாத்தியிருந்தாலும் சமையல் நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் மாவட்டம் நம்முடையது. இங்கே ஒருவர் பசியோடு படுத்தால் அது சோறு இல்லாததால் இருக்காது, சோறு இருக்கும் இடம் அவருக்கு எட்டாததால்தான் இருக்கும். ரேஷன் அட்டையே இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்கள் சிப்காட் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு வி.ஏ.ஓ. எண்ணும் 1077உம் இந்தியில் எழுதிய ஒரு தாளில் போக வேண்டும். இந்தி தெரிந்த பையன் ஒருவனிடம் எழுதி வாங்கிப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

எங்கள் முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஒரு தாத்தா. ஊரடங்கில் யார் இஸ்திரி போடப்போகிறார்கள்? தினமும் தாளின் முன்னால் வந்து நிற்பார், நான் எட்டிப் பார்த்தால் நகர்ந்துவிடுவார். ஒருநாள், "தெரிஞ்சவர் ஒருத்தருக்கு சோத்துக்குக் கஷ்டம்மா, எந்த நம்பர்னு சொல்லேன்" என்றார். யார் அந்தத் தெரிந்தவர் என்று நான் கேட்கவில்லை. அன்றிரவு தாளின் அடியோரத்தைச் சீப்புப் பல் மாதிரி பத்துப் பன்னிரண்டு துண்டாக வெட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டிலும் சாப்பாட்டு எண்ணையும் இடத்தையும் எழுதினேன். யாரையும் கேட்காமல் ஒன்றைக் கிழித்துக்கொண்டு போகலாம். காலையில் பார்த்தபோது ஆறு துண்டு காணவில்லை. கஷ்டம் தாத்தாவுக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. உங்கள் தாளிலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அதே மாதிரி கிழித்துக்கொண்டு போகும்படி இன்னொரு வரிசையும் வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு 14567, மனசு தாங்காதவர்களுக்கு 14416. இவற்றை ஆண்களும் பெண்களும் கூடி நிற்கும் இடத்தில் ஒட்டாமல், குழாயடியிலோ ரேஷன் கடையில் பெண்கள் வரிசை நிற்கும் பக்கமோ ஒட்டுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் கவரில் ரேஷன் அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். பரிசோதனை எடுத்தால் வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், சேர்க்கும் இடத்தில் அந்த எண்ணைக் கேட்பார்கள். இறப்பு நடந்த வீட்டில் சான்றிதழில் பெயர் எழுத்து சரியா என்று அன்றே பாருங்கள். கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அரசு வைப்புத்தொகை அறிவித்தபோது, ஒரு எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் அலைந்த குடும்பத்துக்கு நான்தான் மனு டைப் செய்து கொடுத்தேன்.

தாளை லேமினேட் செய்யாதீர்கள், திருத்த முடியாது. 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரை கடந்தபோது எங்கள் தாள் மழையில் கரைந்துபோனது. அதிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுகிறேன். திருத்தும்போது மேல் டேப்பை மட்டும் பிரித்தால் போதும். புயல் பாதுகாப்பு மையம் எது, அங்கே காய்ச்சல்காரர்களுக்குத் தனி அறை உண்டா என்பதையும் அந்த மழைக்குப் பிறகுதான் சேர்த்தேன். நம் ஊரில் நோய் வரும்போது புயல் காத்திருக்காது.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வரும் அன்று, உட்கார்ந்து எல்லா எண்ணையும் ஒருமுறை அடித்துப் பார்க்கிறேன். அரை மணி நேரம் ஆகும். போன தடவை அங்கன்வாடி டீச்சர் மாறியிருந்தார், புதியவரின் எண்ணை எழுதி, தேதி போட்டு உறைக்குள் வைத்தேன்.