லினக்ஸ் டெஸ்க்டொப்: சென்சர் தெரியவில்லை, ஃபேன் அடங்கவில்லை என்றால்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டக்களப்பில் ஓட்டு வீட்டு அறை பிற்பகலில் 33, 34 பாகைக்குப் போய்விடும். அந்த அறையில் சும்மா கிடக்கிற சிபியு 48 பாகை காட்டினால் அது கோளாறு இல்லை. அறை வெப்பத்துக்கு மேலே எத்தனை பாகை ஏறுகிறது என்பதே கணக்கு. இணையத்தில் கிடைக்கும் ஃபேன் செட்டிங்குகளில் பெரும்பாலானவை 22 பாகை அறையை மனதில் வைத்து எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே போட்டால் ஃபேன் பகல் முழுக்க இரையும், வெயில் தாழ்ந்த பிறகுதான் ஓயும். ஆகவே கணக்கை நம் அறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு முன் சென்சர் தெரிய வேண்டும், அதற்கும் முன் வயர் சரியாக இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் நாள்தான் வீணாகும்.

முதலில் பெட்டியைத் திறவுங்கள்

ஃபேன் வயரின் முனையில் 3 பின்னா 4 பின்னா என்று பாருங்கள். மூன்று பின் என்றால் கிரவுண்ட், 12 வோல்ட், சுழற்சியைச் சொல்லும் டாக்கோ வயர். நான்காவது பின், வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் சிக்னல். மூன்று பின் ஃபேனின் வேகத்தைக் குறைக்க ஒரே வழி வோல்டேஜைக் குறைப்பதுதான். பயோஸில் அந்த ஃபேனைக் கொழுவிய ஹெடர் (போர்டில் உள்ள பின் வரிசை) பிடபிள்யூஎம் மோடில் இருந்தால் ஃபேனுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் போகும், லினக்ஸில் என்ன செய்தாலும் அடங்காது. எசுஸ் போர்டில் க்யூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்ற பக்கத்துக்குப் போய், மூன்று பின் ஃபேனுக்கு டிசி, நான்கு பின் ஃபேனுக்கு பிடபிள்யூஎம் என்று கையால் தெரிவு செய்யுங்கள். ஓட்டோவை நம்பாதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனால் வேகம் 0 என்று வருகிறதா? பவர் சப்ளையின் மோலெக்ஸ் வயரில் நேரே கொழுவிய ஃபேனின் டாக்கோ மதர்போர்டுக்கு வருவதேயில்லை. ஹப்பில் பல ஃபேன்களைக் கொழுவியிருந்தால், வழமையாக அவற்றில் ஒன்றின் வேகம் மட்டுமே போர்டுக்குத் தெரியும். இவை இரண்டும் இல்லையென்றால் பின்னைப் பாருங்கள். கல்லடி, பாசிக்குடா மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று பட்டு பின்கள் மங்கிப்போகும். பவரை நிறுத்தி வயரைக் கழற்றி, ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட சின்ன பிரஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மூன்று தரம் கொழுவிக் கழற்றினால் பல நேரம் எண் திரும்பி வரும்.

அம்பாறைப் பக்கம் உப்பை விடத் தூசிதான் தொல்லை. வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் பதர்த்தூசி கம்பளம் மாதிரிப் படிந்திருக்கும். புளோவர் பிடிக்கும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கண்டபடி சுழல விட்டால் பெயாரிங் கெடும்.

சென்சரைக் கண்டுபிடித்தல்

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், ஹைபன் உள்ள இடத்தில் ஹைபனோடு தட்டுங்கள். உபுண்டு, டெபியனில் சென்சரைப் படிக்கும் எல்எம்-சென்சர்ஸ், ஃபேனைக் கட்டுப்படுத்தும் ஃபேன்கொன்ட்ரோல் இரண்டும் தனித்தனிப் பொதிகள். முதலாவதை மட்டும் நிறுவிவிட்டு, இரண்டாவதில் உள்ள பிடபிள்யூஎம்கொன்ஃபிக் கட்டளையைக் காணவில்லை என்று தேடுவோர் அதிகம். இரண்டையும் நிறுவுங்கள்.

பிறகு சூடோ சென்சர்ஸ்-டிடெக்ட். கேள்விகள் வரிசையாக வரும், எல்லாவற்றுக்கும் என்டர் போதும். அது தானாக எடுக்கும் விடை பாதுகாப்பானது. கடைசிக் கேள்வியில் மட்டும் நில்லுங்கள். கண்டுபிடித்த மொடியூல்களை (லினக்ஸின் மையமான கேர்னல் சிப்போடு பேச ஏற்றும் துண்டுகள்) /ஈடிசி/மொடியூல்ஸ் கோப்பில் எழுதவா என்று கேட்கும். அங்கே என்டருக்கு அர்த்தம் ‘நோ’. யெஸ் என்று தட்டாவிட்டால் இன்று எல்லாம் தெரியும், நாளை மெஷினைப் போட்டால் ஒன்றும் தெரியாது.

அடுத்து சென்சர்ஸ் என்று மட்டும் தட்டுங்கள். இன்டெல் என்றால் கோர்டெம்ப், ஏஎம்டி என்றால் கே10டெம்ப் தலைப்பில் சிபியு வெப்பம் வரும். ஃபேன் வேகம் அங்கே வராது. அது போர்டில் உள்ள சுப்பர் ஐஓ என்ற வேறொரு சிப்பிலிருந்து வருவது. கிகாபைட் போர்டுகளில் பெரும்பாலும் ஐடிஇ சிப், அதற்கு ஐடி87 மொடியூல். எசுஸ், எம்எஸ்ஐ, அஸ்ரொக் போர்டுகளில் பெரும்பாலும் நுவோடன், அதற்கு என்சிடி6775. சிபியு வெப்பம் தெரிகிறது, ஃபேன் தெரியவில்லை என்றால் இந்த மொடியூல்தான் ஏறவில்லை.

சூடோ மொட்புரோப் கொடுத்து அதைக் கையால் ஏற்றிப் பாருங்கள். வருகிற பிழை எது என்பதில்தான் விடை இருக்கிறது.

‘டிவைஸ் ஓர் ரிசோர்ஸ் பிசி’ என்றால், அந்த சிப்பின் முகவரியை ஏசிபிஐ வழியாக பயோஸ் தன் பாவனைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. டிமெஸ்ஜி (கேர்னலின் செய்திப் பதிவு) வெளியீட்டில் ரிசோர்ஸ் கொன்ஃப்ளிக்ட் என்ற வரி இருக்கும். எல்லோரும் சொல்லும் மருந்து, மெஷினைத் தொடக்கும் கிரப்பின் கோப்பில் ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லக்ஸ் (எல்-ஏ-எக்ஸ்) என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி, ரீபூட் செய்வது. இதில் ஓர் ஆபத்து உண்டு. கேர்னலும் பயோஸும் ஒரே நேரத்தில் ஒரே சிப்பைத் தொட்டால் பிழையான எண் வரலாம், அரிதாக மெஷின் உறைந்தும் போகலாம். ஐடி87 மொடியூலுக்குப் புதிய கேர்னல்களில் இக்னோர்_ரிசோர்ஸ்_கொன்ஃப்ளிக்ட்=1 என்ற தனித் தெரிவு உண்டு. அது அந்த மொடியூலை மட்டும் தளர்த்துவதால் அதையே முதலில் பாருங்கள். நுவோடன் சிப் உள்ள எசுஸ் போர்ட் என்றால், கேர்னலைப் புதுப்பித்தாலே பல நேரம் போதும்; 5.17 முதல் அந்த மொடியூல் எசுஸ் பயோஸின் டபிள்யூஎம்ஐ என்ற இடைமுகம் வழியாகவும் பேசும்.

‘நோ சச் டிவைஸ்’ என்றால் மொடியூலுக்கு உங்கள் சிப் அறிமுகமில்லை. வேறு சிப்பின் எண்ணை வலிந்து கொடுக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. எழுதும் இடம் மாறிப்போகலாம் என்பதால் அதைத் தொடாதீர்கள். புதிய கேர்னல், அதுவும் சரிவராவிட்டால் டிகேஎம்எஸ் (கேர்னலுக்கு வெளியே உள்ள மொடியூலைக் கட்டித் தரும் கருவி) மூலம் புதிய மொடியூல். பயோஸில் செக்கியூர் பூட் என்ற பாதுகாப்பு ஓடுகிறது என்றால் கையொப்பமிடாத மொடியூல் ஏறாது, அதையும் கவனியுங்கள்.

பாவித்த டெல் அலுவலக மெஷின் வாங்கியவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. டெல்-எஸ்எம்எம்-எச்டபிள்யூமொன் மொடியூலைப் பாருங்கள். ஃபேனைக் குறைத்தாலும் பயோஸ் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் மொடல்கள் உண்டு. அப்படியானால் தூசி துடைத்து, தேர்மல் பேஸ்ட் மாற்றுவதோடு விட்டுவிடுவது நல்லது.

பட்டியலில் ஏதோ ஒரு வெப்பம் 127 என்றோ மைனஸ் என்றோ நின்றால் பதற வேண்டாம். ஓக்ஸ்டின் பெயரில் வரும் அப்படிப்பட்ட எண்களுக்குப் பின்னால் பெரும்பாலும் சென்சரே இணைக்கப்பட்டிருக்காது. /ஈடிசி/சென்சர்ஸ்.டி கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி இக்னோர் கொடுத்து மறைத்துவிடலாம். சாட்டா டிஸ்கின் வெப்பம் வேண்டுமென்றால் டிரைவ்டெம்ப் மொடியூல், கேர்னல் 5.6 முதல் உண்டு. என்விடியாவின் சொந்த டிரைவர் போட்ட கார்ட் இந்தப் பட்டியலில் வராது, அதற்கு என்விடியா-எஸ்எம்ஐ.

ஃபேனைக் கட்டுப்படுத்துதல்

பயோஸின் கர்வ் (எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற கணக்கு) உங்களுக்குச் சரிவந்தால் அத்தோடு நிறுத்துங்கள். மெஷின் உறைந்தாலும் அது வேலை செய்யும், ஃபேன்கொன்ட்ரோல் அப்படியல்ல. பயோஸில் கர்வ் மாற்ற இடமில்லை, அல்லது கேஸ் ஃபேன் ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தைப் பார்த்து ஓட வேண்டும் என்ற நிலையில்தான் ஃபேன்கொன்ட்ரோலுக்கு வேலை.

சூடோ பிடபிள்யூஎம்கொன்ஃபிக் ஓட்டுமுன் பாரமான வேலைகளை மூடுங்கள். அது ஒவ்வொரு ஃபேனாக நிறுத்தி, எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுக்கு என்று பார்க்கும். வோட்டர் கூலரின் பம்ப் இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் சேர்க்கவே வேண்டாம்.

கடைசியில் அது எழுதும் /ஈடிசி/ஃபேன்கொன்ட்ரோல் கோப்பில்தான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு, மெஷின் சும்மா இருக்கும்போது சிபியு எத்தனை பாகை என்று குறியுங்கள். 48 என்றால் மின்டெம்ப் 50. மக்ஸ்டெம்ப் 78. ஃபேன் நின்றுவிடாமல் சுற்றும் மிகக் குறைந்த அளவு மின்ஸ்டொப், 70 என்று வைப்போம். நின்ற ஃபேனைக் கிளப்பும் அளவு மின்ஸ்டார்ட், 110. இந்த அளவுகள் 0 முதல் 255 வரை. 50 பாகையில் 70, 78 பாகையில் 255, நடுவே நேர்கோடு. ஆக 64 பாகையில் ஏறக்குறைய 162. மின்பிடபிள்யூஎம் என்ற வரியைக் கொடுக்காமல் விட்டால் அது 0. அப்போது 50 பாகைக்குக் கீழே ஃபேன் முற்றாக நிற்கும். எங்கள் வெக்கைக்கு அது வேண்டாம், அதற்கும் 70 என்றே கொடுங்கள்.

பிரவுசரைத் திறந்தவுடன் ஃபேன் உறுமி அடங்கி மறுபடி உறுமினால், மின்டெம்ப் உங்கள் சும்மா இருக்கும் வெப்பத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு மூன்று பாகை உயர்த்துங்கள்.

சிஸ்டம்சிடிஎல் மூலம் சேவையை இயக்கிய பின், ஒருநாள் ‘கொன்ஃபிகரேஷன் காலாவதியானது, பிடபிள்யூஎம்கொன்ஃபிக்கை மறுபடி ஓட்டு’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்து நின்றுவிடும். புதிய என்விஎம்இ டிஸ்க் போட்டாலோ மொடியூல் ஏறும் வரிசை மாறினாலோ எச்டபிள்யூமொன் எண் (சென்சர் சிப்புகளுக்குக் கேர்னல் இடும் வரிசை எண்) மாறும். பிழையான சிப்பைத் தொடக்கூடாது என்றுதான் அது நிற்கிறது. மறுபடி ஓட்டுங்கள், பழைய எண்களை எழுதி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. சஸ்பென்டிலிருந்து எழும்பிய பின் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், பயோஸ் கட்டுப்பாட்டைத் திரும்ப எடுத்திருக்கிறது. சேவையை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

கடைசியாக ஒரு பரீட்சை. ஸ்ட்ரெஸ்-என்ஜி கொண்டு எல்லாக் கோர்களுக்கும் 10 நிமிடம் வேலை கொடுத்து, பக்கத்து டெர்மினலில், கட்டளையை மறுபடி மறுபடி ஓட்டும் வோச் மூலம் சென்சர்ஸைப் பார்த்துக்கொண்டிருங்கள். இதைக் காலையில் செய்யாமல் பிற்பகலில் செய்யுங்கள். ஃபேன் 255-இல் ஓடியும் வெப்பம் ஏறிக்கொண்டே, சென்சர்ஸ் காட்டும் ஆபத்து எல்லையான கிரிட் எண்ணை நெருங்கினால், உடனே நிறுத்திவிட்டு ஹீட்சிங்கைக் கழற்றுங்கள்: பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது நான்கு மூலைப் பிடிகளில் ஒன்று கழன்றிருக்கும்.