டானிக் அடித்தால் மட்டும் காய் பருத்துவிடுமா?

பூ கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை என்றால் நேரே உரக்கடைக்குப் போய் "ஒரு டானிக் கொடுங்க" என்று கேட்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது ஏதாவது ஒரு வளர்ச்சி ஊக்கி, அதாவது செடியின் வளர்ச்சியை நடத்தும் ஹார்மோன் வகைப் பொருள். அதைச் சத்து என்று நினைப்பதில்தான் முதல் தவறு.

செடிக்குள் ஊக்கியின் வேலை பங்கீடு. இலை தயாரித்த சர்க்கரையும் வேர் எடுத்த தழைச்சத்தும் குருத்துக்குப் போவதா, காய்க்குப் போவதா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1950களின் கடைசியில் கிழக்கு ஜெர்மனியில் தாவர ஆய்வாளர் குர்ட் மோத்தெஸும் சகாக்களும் புகையிலை இலையில் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பறித்த இலையின் ஓரிடத்தில் மட்டும் சைட்டோகைனின் வகை ஊக்கியைத் தடவினார்கள். இலையின் மற்ற பகுதியிலிருந்த அமினோ அமிலங்கள் அந்த இடத்தை நோக்கி நகர்ந்தன. தடவிய இடம் பச்சையாகவே இருக்க, மற்ற பகுதி மஞ்சளானது. புதிதாக எந்தச் சத்தும் உண்டாகவில்லை, இருந்தது இடம் மாறியது, அவ்வளவுதான். அடியுரம் போடாத, வேர் வாடிய செடிக்கு டானிக் அடித்தாலும் இதே கதைதான்: ஓரிடத்தில் பிடுங்கி இன்னோரிடத்தில் கொடுக்கும்.

அடுத்தது அளவு. பூ உதிர்வைத் தடுக்க நாம் அடிக்கும் என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) ஆக்சின் என்ற வகை ஊக்கி. பிஞ்சிலிருந்து காம்பு வழியாக ஆக்சின் இறங்கிக்கொண்டிருக்கும் வரை காம்பின் அடியில் உதிர்வடுக்கு (காம்பு பிரிந்து விழும் செல் அடுக்கு) விடுபடாது. ஆக்சின் குறைந்தால், உதிர்வைத் தூண்டும் எத்திலீன் என்ற ஊக்கியின் கை ஓங்கி, பிஞ்சு விழுந்துவிடும். மிளகாய்க்குப் பரிந்துரை 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்). கடையில் கிடைக்கும் 4.5 சதவீத மருந்தென்றால் 4.5 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, 10 லிட்டர் டேங்குக்கு 2.2 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: ஆப்பிள் தோட்டங்களில் அதிகப்படியான பிஞ்சுகளை உதிர்த்துக் கலைப்பதற்கும் இதே என்.ஏ.ஏ.வைத்தான் தெளிக்கிறார்கள். அளவும் பருவமும் மாறினால் வேலையே தலைகீழாகிவிடும். சிரிஞ்சால் அளந்து ஊற்ற என்ன கஷ்டம்?

பூச்சிமருந்தால் தேனீயை விரட்டிவிட்டு ஊக்கியால் காயைப் பிடிக்கப் பார்ப்பதும் உண்டு. தாவர ஆய்வாளர் ஜீன் நீச் 1950இல் வெளியிட்ட ஸ்ட்ராபெரி ஆய்வில், பழத்தின் மேலிருக்கும் விதைகளை எடுத்துவிட்டால் பழம் பருக்காமல் நின்றது. அந்த இடத்தில் ஆக்சின் தடவினால் மறுபடி வளர்ந்தது. சத்தைத் தன் பக்கம் இழுக்கும் சமிக்ஞை இளம் விதையிலிருந்து வருகிறது. வெள்ளரி, தர்பூசணியில் மகரந்தம் சரியாகச் சேராமல் ஒரு பக்கம் விதை பிடிக்காவிட்டால், அந்தப் பக்கம் சூம்பிக் காய் கோணலாவது இதனால்தான். பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் மருந்தடிப்பதை விட்டாலே பாதி டானிக் செலவு மிச்சம்.

நெல்லில் நடக்கும் தவறு வேறு மாதிரி. கதிர் வந்த பிறகும் பயிர் கருகருவென்று இருக்க வேண்டும் என்று யூரியாவை வீசுகிறார்கள். தழைச்சத்து கூடினால் வேரிலிருந்து மேலே ஏறும் சைட்டோகைனினும் கூடும். இலை முதுமையடையாமல் பச்சையாகவே நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் பூப்பதற்கு முன்பே தண்டிலும் இலையுறையிலும் சேர்ந்த மாவுச்சத்து இறங்கி மணிக்குப் போக வேண்டும். இலை முதுமையடைய ஆரம்பிக்கும்போதுதான் அந்த இறக்கம் வேகம் பிடிக்கும். பச்சை நீடித்தால் சரக்கில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்கிவிடும். சீனாவின் யாங்சோ பல்கலைக்கழக ஆய்வுகளில், மணி பிடிக்கும் பருவத்தில் வயலை லேசாகக் காயவிட்டபோது அப்சிசிக் அமிலம் என்ற ஊக்கி கூடி, தண்டின் இருப்பு மணிக்கு வேகமாக நகர்ந்தது. தழைச்சத்து மிகுந்த வயலில் இது நன்றாகவே பலன் தந்தது. வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சும் நம்மூர் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையும் இதே திசையில்தான் போகிறது. லேசாக என்பது முக்கியம்; வயல் பாளம் பாளமாக வெடிக்குமளவு விட்டால் பதர்தான் மிஞ்சும்.

கடைசியாகத் தக்காளி. காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்கினால் கால்சியம் குறைவு என்று இலை நனைய கால்சியம் தெளிக்கிறார்கள். இலையில் விழுந்த கால்சியம் காய்க்கு நகராது. சர்க்கரை போகும் பாதையில் அது கிட்டத்தட்ட பயணிப்பதே இல்லை. வேரிலிருந்து நீரோட்டத்தோடு ஏறுவதுதான் அதற்கு வழி, அந்த நீரில் பெரும்பகுதியை இலைகளே இழுத்துக்கொள்கின்றன. இந்த நேரத்தில் ஜிப்ரலின் என்ற ஊக்கி கலந்த டானிக் அடித்தால் கறுப்பு இன்னும் கூடும். தண்ணீரை ஒரே சீராகக் கொடுத்து, யூரியாவைக் குறைத்து, தழை அடர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் அடுத்து வரும் காய்கள் தேறும். ஏற்கெனவே கறுத்தவற்றைப் பறித்துப் போட்டுவிடலாம், அவை மீளாது.