பழைய படத்தில் இருப்பது எந்த ஜெர்மன் நீராவி எஞ்சின்? சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

கறுப்பு உடல், சிவப்புச் சக்கரம். 1920களிலிருந்து ஜெர்மனியின் அரசு ரயில்வேயான ரைஷ்ஸ்பான் பல உறுப்புகளைப் பொது அளவுகளில் செய்ததால், முதல் பார்வைக்கு எல்லா எஞ்சின்களும் உடன்பிறப்புகளாகத்தான் தெரியும். பழைய படங்கள் பலவற்றில் எண் பலகை மங்கியிருக்கும். அதைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் கீழிருந்து மேலே பாருங்கள்.

படி 1: அச்சுகளை எண்ணுங்கள்

இணைப்புத் தண்டு கோத்திருக்கும் பெரிய சக்கரங்களே இயக்குசக்கரங்கள். ஜெர்மானியர்கள் அவற்றை எழுத்தால் குறிப்பார்கள்: சி (C) என்றால் மூன்று அச்சு, டி (D) நான்கு, இ (E) ஐந்து. முன்னும் பின்னும் உள்ள சிறு சக்கரங்களின் அச்சுகளுக்கு எண். எண்ணை அடுத்து மேலே ஒரு சிறு கோடு (') இருந்தால், அந்த அச்சு வளைவில் தனியாகத் திரும்பும் என்று பொருள்.

எஞ்சின் வகைகளுக்கு ரயில்வே வரிசை எண் கொடுத்திருந்தது. 2'சி1' என்றால் விரைவு எஞ்சினான 01ஆம் வரிசை நினைவுக்கு வரவேண்டும். 2'சி என்றால் பிரஷ்யாவின் பி8, அதாவது பிற்கால 38ஆம் வரிசை. டெண்டர் (நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் வண்டி) இல்லாமல் கொதிகலனுக்கு இருபுறமும் தண்ணீர்த் தொட்டி இருந்தால் 64 (1'சி1') அல்லது 86 (1'டி1') ஆக இருக்கலாம்.

எண்ணிக்கை தவறுவது பெரும்பாலும் பின்பக்கத்தில்தான். முன்கோணத்திலிருந்து எடுத்த படத்தில் ஓட்டுநர் அறைக்குக் கீழுள்ள சிறு சக்கரம் நிழலில் மறைந்துவிடும். 01ஐ 2'சி என்று எழுதிவிடுவது இப்படித்தான்.

படி 2: சக்கரத்தின் உயரம்

பஃபரின் (எஞ்சினின் முனையில் மோதலைத் தாங்கும் வட்டத் தட்டு) மையம் தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 1,050 மி.மீ. உயரத்தில் இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் அந்த உயரத்தை அளந்து, இயக்குசக்கரத்தின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். கிட்டத்தட்ட இரு மடங்கு வந்தால் 2,000 மி.மீ. சக்கரம்: 01 அல்லது 03. 1.7 மடங்கு வந்தால் பி8இன் 1,750. 1.3 மடங்கு வந்தால் சரக்கு எஞ்சின்களின் 1,400. சாய்கோணப் படத்தில் இந்தக் கணக்கு பொய்க்கும். பின்சக்கரம் சிறுத்துத் தெரியும் என்பதால் பஃபருக்கு அருகிலுள்ள சக்கரத்தையே அளக்கவேண்டும், அதுவும் தோராயம்தான்.

படி 3: 1'இ குழப்பம்

தொடக்கநிலையினர் அதிகம் தடுமாறும் இடம் இது. 44, 50, 52, 42 எல்லாமே 1'இ, எல்லாவற்றுக்கும் 1,400 மி.மீ. சக்கரம். இங்கே புகைப்பெட்டியின் (கொதிகலனுக்கு முன்னால், புகைபோக்கியைத் தாங்கும் பகுதி) மேற்புறத்தைப் பாருங்கள்.

50இல் புகைபோக்கிக்கு முன்னால் கொதிகலனுக்குப் போகும் நீரைச் சூடாக்கும் உருளை குறுக்காகப் பதிந்திருக்கும். போர்க்காலத்தில் உழைப்பையும் உலோகத்தையும் மிச்சப்படுத்தவே 1942இல் வந்தது 52. அதில் அந்த உருளையே இல்லை, புகைப்பெட்டி வழுவழுவென்று இருக்கும். 42உம் போர்க்கால எஞ்சின்தான், கொதிகலன் மட்டும் பருமன். 44இல் உருளையும் உண்டு, பருத்த கொதிகலனும் உண்டு. அதன் மூன்றாவது சிலிண்டர் சட்டங்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் பக்கவாட்டில் தெரியாது. ஒலிப்பதிவு கிடைத்தால் காதாலேயே பிடித்துவிடலாம்: சக்கரம் ஒருமுறை சுற்றும்போது இரு சிலிண்டர் எஞ்சின் நான்கு முறை வெடித்து மூச்சுவிடும், 44 ஆறு முறை. சரிவில் ஏறும் 44இன் அந்த ஓசைக்கு ஈடாக நமக்கு எதுவும் தெரியாது.

டெண்டரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அடிப்பாகம் உருண்ட தொட்டி டெண்டர் 52க்கே உரியதுபோலத் தோன்றும், ஆனால் போருக்குப் பின் பல 50களின் பின்னாலும் அது ஓடியது. போர்க்காலத்தில் எளிமைப்படுத்திக் கட்டிய 50களும் உண்டு. ஆகவே ஒரே அடையாளம் போதாது, இரண்டாவது பொருந்த வேண்டும்.

படி 4: புகைவிலக்குத் தகடு

புகை ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல் மேலே தள்ள முன்புறம் இருபக்கமும் நிற்பவை இந்தத் தகடுகள். எஞ்சினின் பக்கவாட்டு நடைபலகையிலிருந்தே எழும்பும் பெரிய தகடு வாக்னர் வகை. புகைப்பெட்டியின் மேற்பாதியில் மட்டும் நிற்கும் சிறிய தகடு விட்டே வகை. இது பரவலானது போருக்குப் பிறகு என்பதால் படத்தின் காலத்தையும் ஓரளவு சொல்லும்.

படி 5: எண்

மேற்கு ஜெர்மனி 1968 ஜனவரி 1 முதல் கணினி எண்களுக்கு மாறியது. 50 622 (50ஆம் வரிசையின் 622ஆம் எண் எஞ்சின்) அப்போது 050 622-0 ஆயிற்று. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு: முதல் ஆறு இலக்கங்களையும் இடமிருந்து 1, 2, 1, 2 என மாற்றி மாற்றிப் பெருக்குங்கள். விடை ஈரிலக்கமானால் அதன் இலக்கங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தத்தை அடுத்த பத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ அதுவே கடைசி இலக்கம். இங்கே 0+1+0+3+2+4 = 10, ஆகவே 0. எண் மங்கலாக இருந்தால் 3ஆ 8ஆ என்று தீர்க்க இந்தக் கணக்கு உதவும். கிழக்கு ஜெர்மனி 1970இல் வேறு வழியில் போனது: வரிசை எண் ஈரிலக்கமாகவே நிற்க, அடுத்து நான்கு இலக்கம். அவற்றில் முதலாவது 0 என்றால் எண்ணெயால் எரிவது, 9 என்றால் நிலக்கரித்தூள்.

மேற்கில் 043 என்று எழுதியிருந்தால் அது எண்ணெய்க்கு மாற்றிய 44, நிலக்கரியில் ஓடியது 044. மேற்கு ஜெர்மன் ரயில்வேயின் நீராவி 1977 அக்டோபர் இறுதியில் அணைந்தது. ஆகவே 043 பலகையுடன் அன்றாடப் பணியில் ஓடும் எஞ்சினைப் பார்த்தால், படம் 1968க்கும் 1977க்கும் இடைப்பட்டது. பின்னால் நீளமான தாதுவண்டித் தொடர் இருந்தால், வடமேற்கு ஜெர்மனியின் ரைனே–எம்டன் பாதையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.