சோலார் போடுமுன் மார்கழி நிழலைப் பாருங்கள்

எங்கள் மாடியில் சோலார் பேனலுக்கு இடம் பார்க்க வந்தவர் வந்தது சித்திரை மாத நண்பகலில். "நிழலே இல்லை சார்" என்றார். அந்த நேரத்துக்கு அது உண்மைதான். காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் ஏப்ரல் கடைசியில் சூரியன் நடு உச்சியில் நிற்கும். எந்தப் பொருளின் நிழலும் அதன் காலடியைத் தாண்டாது. மார்கழியில் கதை வேறு. சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. வாஸ்து பார்த்துக் கன்னி மூலையில் வைத்த 10 அடி உயரத் தண்ணீர்த் தொட்டி, பிற்பகல் 3 மணிக்கு ஏறத்தாழ 14 அடிக்கு வடகிழக்கே நிழலை நீட்டுகிறது. எங்கள் பேனல்களில் இரண்டு சரியாக அந்த இடத்தில் இருந்தன. பெயர்த்து வேறிடத்தில் மாட்டினோம். கூலியும் கம்பியும் இரண்டாம் முறை செலவு.

ஒரு மூலையில் நிழல் விழுந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கின்றன. சில செல்கள் மங்கினாலே, பெரும்பாலான பேனல்களில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் தராமல் ஒதுங்கிவிடும். டிஷ் ஆன்டெனா, கைப்பிடிச் சுவர், தெற்கு மனையில் நட்டிருக்கும் தென்னங்கன்று எல்லாம் கணக்கில் வர வேண்டும். பக்கத்து மனை காலியாக இருந்தால் நாளை அங்கே மாடி எழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் டிசம்பரில் ஒருநாள் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடிட்டுப் பாருங்கள்.

அடுத்த தவறு, வீட்டின் மின்செலவைக் குறைக்காமலே பேனலின் அளவை முடிவு செய்வது. பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி (BLDC) வகை விசிறிக்கு 30 வாட் போதும். நான்கு விசிறிகள் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மிச்சமே இரண்டு யூனிட்டுக்கு மேல். ஒரு கிலோவாட் சோலார் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் அளவில்தான் தருகிறது. அதில் பாதியை விசிறிகளை மாற்றியே பிடித்துவிடலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் தொடக்க யூனிட்டுகளின் விலையும் கூடுவதால், இந்த மிச்சம் பில்லில் இன்னும் பெரிதாகத் தெரியும்.

மானியத்தை நம்பிப் பெரிதாகப் போடுபவர்களும் உண்டு. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பணம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வருகிறது. முழுத் தொகைக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ளுங்கள்.

மின்தடையின்போது சோலார் கைகொடுக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. பேட்டரி இல்லாத, மின்வாரிய இணைப்போடு ஓடும் சோலார், கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலையைத் தாமே கற்றுச் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயில் இருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருக்கும்; மெயின் சுவிட்சை அணைத்தாலும் போகாது. பல பேனல்கள் தொடராகச் சேர்ந்தால் சில நூறு வோல்ட் வரும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பானைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு கையைச் சுடும். பேனலைத் தாங்கும் சட்டம் பொருத்துவதையும் பேனலைத் துடைப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். கம்பி இணைப்பையும் எர்த்தையும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள். தட்டு ஓடு பதித்த தளத்தில் துளை போட்டால் அடுத்த மழைக்கே ஒழுகும் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துடைப்பதிலும் தவறு நடக்கிறது. உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். கண்ணாடி விரிசல் விடவும் கூடும். விடியற்காலையில் நல்ல தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கீழ் விளிம்பைக் கவனமாகத் துடையுங்கள். பனி வழிந்து சேர்ந்த மண் அங்கேதான் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையாகப் படிந்திருக்கும்.