பிடித்த கேம் தொடரின் அடுத்த பாகத்தை வாங்கும் முன்

காட்பாடியில் மாதச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து கேம் வாங்கும் மாணவருக்கும், ஆம்பூர் காலணி ஆலையில் சேர்ந்து முதன்முதலாக பிளேஸ்டேஷன் வாங்கிய இளைஞருக்கும், மனத்துக்குப் பிடித்த தொடரின் அடுத்த பாகம் அறிவிக்கப்பட்ட அன்றே முன்பதிவு செய்துவிடத் தோன்றும். அந்தப் பற்றை விட வேண்டியதில்லை. அதை அட்டையில் உள்ள பெயரின் மீது வைக்காமல், கேமை உருவாக்குகிறவர்கள் மீது வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆகவே புதிய பாகத்தை யார் உருவாக்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள். மெட்டல் கியர் தொடரை உருவாக்கி வளர்த்த ஹிடியோ கோஜிமா 2015-இல் கொனாமி நிறுவனத்தை விட்டு விலகினார். அவருடைய பங்கு இல்லாமலேயே 2018-இல் மெட்டல் கியர் சர்வைவ் அதே பெயரைத் தாங்கி வந்தது. ஃபிஃபா கால்பந்து கேம்களின் கதை இதற்கு நேர்மாறானது: 2023-இல் பெயர் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என மாறியது, உருவாக்கும் நிறுவனம் மாறவில்லை.

அடுத்தது முன்பதிவு. டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகும் சரக்கு அன்று. எனவே முன்கூட்டியே பணம் கட்டுவதால் வாங்குகிறவருக்குப் பெரிய நன்மை இல்லை. 2014-இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி ஏராளமான கோளாறுகளுடன் வெளிவந்து, அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு ஒரு கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுக்க நேர்ந்தபோது, முதல் நாளிலேயே முழு விலை கொடுத்த நெடுநாள் ரசிகர்களே அந்தக் கோளாறுகளையெல்லாம் முதலில் அனுபவித்தவர்கள். இரண்டு மூன்று வாரம் பொறுத்திருந்து, உங்களுடையதைப் போன்ற கணினியில் விளையாடியவர்களின் அனுபவத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்கும் நிலையில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த நேரத்தைக் கதாபாத்திரத்தின் முகத்தையும் உடையையும் அமைப்பதில் கரைக்காமல், கேம் தடங்கலின்றி ஓடுகிறதா என்று சோதிக்கப் பயன்படுத்துங்கள். வேலூரின் கோடை நண்பகலில் லேப்டாப் சூடேறி வேகம் குறையக்கூடும் என்பதால், இரவில் மட்டும் சோதித்துப் பார்த்து முடிவு செய்வது சரியாக இராது.

தனியாக விளையாடும் பகுதிக்கும் இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருடன் இணைப்பு தேவையா என்பதையும் விசாரியுங்கள். 2014-இல் வந்த தி க்ரூ கேமின் சர்வர்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டபோது, டிஸ்க்கைக் கையில் வைத்திருந்தவர்களாலும் அதை விளையாட முடியாமல் போயிற்று. அத்தகைய தேவை இல்லாத கேம் என்றால், பிளேஸ்டேஷனில் டிஸ்க்கே நல்லது. விளையாடி முடித்ததும் விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம்.

ஒரு முறை ஏமாற்றிய தொடரை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். 2010-இல் தோல்வியடைந்த ஃபைனல் ஃபேன்டசி 14, 2013-இல் புதிதாகக் கட்டப்பட்டு வந்து ரசிகர்களைத் திரும்பப் பெற்றது.

பில், பணம் செலுத்திய மின்னஞ்சல், கோளாறின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேமித்து வையுங்கள். கடைக்காரரோ நிறுவனமோ செவிசாய்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிப்பதால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.