துவைத்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பும்போது செய்யும் தவறுகள்

கழிப்பறைத் தண்ணீர் கலக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். குளித்த தண்ணீரையும் துவைத்த தண்ணீரையும் செடிக்கு விட ஆரம்பிக்கிறவர்கள் கோட்டைவிடுவது வேறு இடங்களில். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே இடங்களில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

சேர்த்து வைப்பது

முதல் வேலையாக ஒரு டிரம் வாங்கிவிடுகிறார்கள். குளித்த தண்ணீரில் இருக்கும் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவே கூடாது. அன்றைக்கு வந்தது அன்றைக்கே மண்ணுக்குள் போக வேண்டும். வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும் வேகத்தைத் தணிக்க டிரம் தேவைப்பட்டால், அடியில் இருக்கும் வாய் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

சோப்புத் தூளைப் பார்க்காமல் விடுவது

தோட்டத்தையே கெடுப்பது இதுதான். பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு நிமிடம் படித்தால் தப்பித்துவிடலாம் என்பதால்தான் இதைப் பார்க்கும்போது இவ்வளவு ஆதங்கமாக இருக்கிறது.

'மட்கக்கூடியது' என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அது அழுக்கெடுக்கும் பொருளைப் பற்றிய பேச்சு. சலவைத்தூளில் பெரும்பங்கு சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட் போன்ற உப்புகளாகவே இருக்கும். உப்பு மட்காது. செடி அதில் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் மண்ணில் தங்கிவிடும்.

களிமண்ணின் நுண்துகள்களைப் பொலபொலவென்ற கட்டிகளாகச் சேர்த்துப் பிடித்திருப்பதில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சோடியம் கூடக் கூட, கால்சியம் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைக்கும். மேலே ஓடு கட்டும், தண்ணீர் இறங்காமல் நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. தூள் போட்டுத் துவைத்த தண்ணீரின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு) 9, 10 வரை போவதால் மண்ணிலுள்ள இரும்பும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இதெல்லாம் உடனே தெரிவதில்லை. முதல் சில மாதம் செடி செழிப்பாகவே இருக்கும். பிறகு இலை ஓரம் கருகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் அதிகமாக விடுவார்கள். மஞ்சளைப் பார்த்து ரசாயன உரம் போடுவார்கள், அதுவும் உப்புதான். மண் கெட்டுவிட்டது என்று புரியும்போது அதை மீட்கப் பருவக்கணக்கில் காலம் ஆகும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. தண்ணீர் விழும் இடத்திலிருந்து பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றை எடுத்துக் காயவையுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றி, கட்டியை மெல்ல உள்ளே விடுங்கள். குலுக்காதீர்கள். 2 மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை பாருங்கள். கட்டி உதிர்ந்து குவியலாகக் கிடந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் வெண்புகை படர்ந்தால் மண் பிரிய ஆரம்பித்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பே துகள்களைப் பிரியவிடாது, கெட்ட மண்ணும் நல்ல மண்ணாகத் தெரியும்.

களிமண் அப்படிப் பிரிந்திருந்தால் சதுர மீட்டருக்கு அரை முதல் 1 கிலோ ஜிப்சம் தூவி, மேல் மண்ணோடு கிளறி, நல்ல தண்ணீரை நிறைய விட வேண்டும். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைக் கிளப்பும், தண்ணீர் அதை ஆழத்துக்குக் கொண்டுபோகும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை, கிளம்பிய உப்பு போக வழி வேண்டுமே.

இனி வாங்கும்போது திரவ சோப்பாகப் பாருங்கள். பொட்டாசியம் சேர்த்துச் செய்ததாக இருந்தால் நல்லது. போராக்ஸ் இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அதிலுள்ள போரான் செடிக்குத் துளியளவு போதும், சற்றே கூடினாலும் நஞ்சு. ப்ளீச் போடும் நாளிலும் குழந்தையின் அழுக்குத்துணி துவைக்கும் நாளிலும் தண்ணீர் சாக்கடைக்கே போகட்டும். அதற்கு மெஷினுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் இடத்தில், மூவழி வால்வு ஒன்று இருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் வைத்தால் யாரும் போய்த் திருப்ப மாட்டார்கள்.

உப்பைக் கொண்டு கடினநீரை மென்மையாக்கும் கருவி

வீட்டில் இருந்தால் இந்தத் திட்டமே வேண்டாம். அந்தத் தண்ணீரிலேயே சோடியம் இருக்கிறது.

சொட்டுநீர்க் குழாயில் கொடுப்பது

துணி நாரும் முடியும் சொட்டுவாயைச் சீக்கிரமே அடைத்துவிடும். வலை கட்டினால் வலை அடைக்கும், அடைத்த வலையை எதிர்த்துத் தள்ளி மெஷினின் பம்பு சூடேறும். 1 அங்குலக் குழாயைக் குறுக்காமல் கொண்டுபோய், பெரிய வாயாக விடுங்கள். மேட்டுக்கு ஏற்ற முயலாதீர்கள். குழாய் நுனி மெஷினைவிடத் தாழ்வாக இருந்தால், துவைக்கும்போதே உள்ளிருக்கும் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். அதைத் தடுக்கக் குழாயின் உச்சியில் காற்று புகும் வால்வு பொருத்த வேண்டும். குளியலறைத் தண்ணீருக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுத்தால் தானாக ஓடும்.

தெளிப்பான்

கூடாது. நுண்துளியோடு கிருமி மூச்சில் ஏறும்.

சமையலறைத் தொட்டி

எண்ணெயும் உணவுத் துணுக்கும் மண்ணை அடைக்கும். சேர்க்காதீர்கள்.

பச்சையாகத் தின்பவை, கிழங்குகள்

இந்தத் தண்ணீர் படவே கூடாது. வாழைக்கும் பழமரங்களுக்கும் விடலாம். ஆனால் எலுமிச்சை உப்பைத் தாங்காது.

அடிமரத்தில் விடுவது

மேலே திறக்கும் மெஷின் ஒரு தடவைக்கு 100 முதல் 150 லிட்டர் தள்ளும். அவ்வளவும் ஒரே தண்டின் அடியில் தேங்கினால் வேர் அழுகும். ஒரு வாரம் நின்றாலே கொசுவும் பெருகும். கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழே வட்டமாகப் பள்ளம் எடுத்து, மரச்சில்லு மூடாக்கை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்புங்கள். இரண்டு மூன்று மரங்களுக்குப் பிரித்து விடுங்கள். குழாய் வாய் மூடாக்குக்கு மேலே நாலு விரற்கடை இடைவெளியில் நிற்கட்டும், இல்லையென்றால் வேர் உள்ளே நுழைந்துவிடும். மூடாக்கு மட்கி அமுங்கும்போது, கறுத்துப்போன அடிப்பகுதியை வாரிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது இது தேவைப்படும்.